முடியை இறக்குமுன் விதியை எழுதுக

பிரிட்டிஷ் மன்னரைத் தங்கள் நாட்டுத் தலைவராக வைத்திருக்கும் நாடுகளில், அவருடைய இடத்தில் பெயரளவு அதிகாரமுள்ள குடியரசுத் தலைவர் ஒருவரை அமர்த்தலாமா என்ற விவாதம் ஓயாமல் நடக்கிறது. 1999இல் ஆஸ்திரேலிய மக்கள் அளித்த தீர்ப்பையும், இந்தியா, இலங்கை, அயர்லாந்து, பார்படோஸ் ஆகிய நாடுகளின் அனுபவத்தையும் சேர்த்து ஆராயும் சிறப்புக் கட்டுரை இது.

மூன்றாம் சார்லஸ் இன்று 15 நாடுகளின் அரசர். பிரிட்டனைத் தவிர்த்த 14 நாடுகளில் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பப்புவா நியூகினி, ஜமைக்கா ஆகியவை அடங்கும். சட்டத்தின் பார்வையில் அவர் பிரிட்டனின் அரசர் என்ற தகுதியில் அந்நாடுகளை ஆள்வதில்லை, ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியே அரசராகிறார். ஆயினும் அவர் வாழ்வது லண்டனில். அவரை அரியணையில் அமர்த்தியது பிறப்பு. அவருடைய வாரிசுரிமையை வரையறுக்கும் 1701ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டம் இன்றும் கத்தோலிக்கர் ஒருவர் அந்த அரியணையில் அமர்வதைத் தடுக்கிறது. குடிமக்கள் அனைவரும் சமம் என்று அறிவித்துக்கொண்ட ஒரு நாட்டில், அந்நாட்டில் பிறக்கும் எந்தக் குழந்தையாலும் எட்ட முடியாத பதவி ஒன்று இருப்பதும், அதுவே நாட்டின் ஆக உயர்ந்த பதவியாக இருப்பதும் எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த இயலாத முரண்பாடாகும்.

இந்த முரண்பாட்டை நீக்கப் பல நாடுகள் தேர்ந்த வழி, ஆட்சி அதிகாரத்தைப் பிரதமரிடமும் அமைச்சரவையிடமும் விட்டுவிட்டு, அரசர் வகித்த அடையாள இடத்தில் மட்டும் குடியரசுத் தலைவர் ஒருவரை அமர்த்துவதாகும். அவர் சட்டங்களில் கையொப்பமிடுவார், தூதர்களை வரவேற்பார், அமைச்சர்களுக்குப் பதவிப்பிரமாணம் செய்துவைப்பார், நாட்டை ஆளமாட்டார். இவரையே அரசியல் நூல்கள் பெயரளவுத் தலைவர் என்று அழைக்கின்றன. பெயர்ப்பலகையை மாற்றுவதைப் போல எளிதாகத் தோன்றும் இம்மாற்றம் சில நாடுகளில் அமைதியாக நிறைவேறியதற்கும், சில நாடுகளில் மக்களால் நிராகரிக்கப்பட்டதற்கும், வேறு சில நாடுகளில் ஒற்றை மனிதரின் ஆட்சிக்கு வழிதிறந்துவிட்டதற்கும் காரணம் ஒன்றே. அரசர் விடைபெற்ற பின் அவர் பெயரில் இருந்த அதிகாரங்கள் யாரிடம், எந்த வரம்புக்குள் போய்ச் சேரும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தார்களா இல்லையா என்பதே அது.

எழுதப்படாத அதிகாரங்கள்

அரசர் நேரில் இல்லாத நாடுகளில் அவர் சார்பில் செயற்படுபவர் கவர்னர் ஜெனரல் ஆவார். பிரதமரின் ஆலோசனைப்படியே அரசர் அவரை நியமிக்கிறார். அவரும் தம் அன்றாடக் கடமைகள் அனைத்தையும் அமைச்சர்களின் ஆலோசனைப்படியே செய்கிறார். ஆனால் ஆலோசனைக்கு அப்பால் அவர் தம் சொந்த முடிவில் செய்யக்கூடிய சில செயல்கள் உண்டு. தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது யாரை ஆட்சியமைக்க அழைப்பது, பெரும்பான்மை இழந்த பிரதமர் அவையைக் கலைக்கக் கோரினால் ஏற்பதா மறுப்பதா, சட்டத்தை மீறும் பிரதமரைப் பதவியிலிருந்து நீக்குவதா என்பன அவற்றுள் முக்கியமானவை. நெருக்கடிக் காலத்திற்கென ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் இவற்றைக் காப்பு அதிகாரங்கள் எனலாம்.

இவ்வதிகாரங்கள் பெரும்பாலும் சட்டத்தில் வரையறுக்கப்பட்டிருப்பதில்லை. தலைமுறைகளாகப் பின்பற்றப்பட்டு வரும், ஆனால் நீதிமன்றம் கட்டாயப்படுத்த இயலாத நடைமுறைகளே அவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. அரசியலமைப்பு மரபுகள் என்று இவற்றைக் குறிப்பிடுவர். 1901 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய அரசியலமைப்பில் பிரதமர் என்ற பதவியே குறிப்பிடப்படவில்லை. அதன் 61ஆம் பிரிவு நிர்வாக அதிகாரம் முழுவதையும் அரசியிடம் அளித்து, அவருடைய பிரதிநிதியாகக் கவர்னர் ஜெனரல் அதைச் செலுத்துவார் என்கிறது. அந்நூலை மட்டும் வாசிப்பவர் ஆஸ்திரேலியாவைக் கவர்னர் ஜெனரல் நேரடியாக ஆள்வதாகவே முடிவுகட்டுவார். அவரை ஆளவிடாமல் வைத்திருப்பது மரபு மட்டுமே.

மரபு அறுந்த நாள்

மரபை மட்டும் நம்பியிருப்பதன் விலையை ஆஸ்திரேலியா 1975 நவம்பர் 11 அன்று அறிந்தது. அவ்வாண்டு அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து, எதிர்க்கட்சிகள் கட்டுப்படுத்திய மேலவையான செனட், அரசின் செலவுகளுக்கான நிதி மசோதாக்களை நிறைவேற்றாமல் தள்ளிவைத்தது. கீழவையான பிரதிநிதிகள் அவையில் பெரும்பான்மை பெற்றிருந்த தொழிற்கட்சிப் பிரதமர் கஃப் விட்லம் பதவி விலக மறுத்தார். நிதி தீர்ந்துபோகும் நாள் நெருங்கிக்கொண்டிருக்க, விட்லமின் ஆலோசனைப்படியே நியமிக்கப்பட்டிருந்த கவர்னர் ஜெனரல் சர் ஜான் கெர், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி கார்ஃபீல்ட் பார்விக்கிடம் கருத்துக் கேட்டபின், எவ்வித முன்னெச்சரிக்கையும் தராமல் விட்லமைப் பதவியிலிருந்து நீக்கி, எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் ஃபிரேசரை இடைக்காலப் பிரதமராக்கினார். அன்று பிற்பகலே பிரதிநிதிகள் அவை ஃபிரேசர் மீது நம்பிக்கையின்மையைத் தெரிவித்தது. அத்தீர்மானத்தைச் சபாநாயகர் கவர்னர் ஜெனரலிடம் நேரில் ஒப்படைக்குமுன் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கலைக்கப்பட்டுவிட்டன.

டிசம்பர் 13 அன்று நடந்த தேர்தலில் ஃபிரேசரின் கூட்டணி 127 இடங்களில் 91ஐக் கைப்பற்றியதால், மக்கள் கெரின் செயலை ஏற்றுக்கொண்டார்கள் என்று சிலர் வாதிட்டனர். ஆனால் இங்கே ஆராய வேண்டியது தேர்தல் முடிவைக் காட்டிலும் நீக்கம் நிகழ்ந்த முறையையே. கவர்னர் ஜெனரல் பிரதமரை நீக்கலாம். பிரதமரும் அன்று அரியணையில் இருந்த அரசிக்கு ஆலோசனை வழங்கி, கவர்னர் ஜெனரலை நீக்கச் செய்யலாம். தாம் எச்சரித்திருந்தால் விட்லம் முந்திக்கொண்டு தம்மை நீக்கியிருப்பார் என்ற அச்சமே கெரை இரகசியமாகச் செயல்பட வைத்தது. இருவரும் ஒருவரையொருவர் நீக்கக்கூடிய ஏற்பாட்டில் யார் முந்துகிறார் என்பதே நாட்டின் ஆட்சியைத் தீர்மானித்துவிட்டது. முடிவை மாற்றுமாறு சபாநாயகர் அரசிக்குக் கடிதம் எழுதியபோது, அரசியலமைப்பு கவர்னர் ஜெனரலிடம் ஒப்படைத்த முடிவுகளில் அரசிக்குப் பங்கில்லை என்ற பதிலே அரண்மனையிலிருந்து வந்தது. கெருக்கும் அரண்மனைக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து, வரலாற்றாசிரியர் ஜென்னி ஹாக்கிங் தொடுத்த வழக்கின் பயனாக 2020 ஜூலையில், 45 ஆண்டுகளுக்குப் பின்னரே வெளியாயிற்று.

மன்னராட்சி ஒரு காவல் அரண் என்று கூறுவோர் இந்நிகழ்வை நிதானமாக எண்ணிப்பார்க்க வேண்டும். அரண் தேவைப்பட்ட அந்த ஒரே நாளில், அரசி தலையிடவில்லை; தலையிட்டவரோ மக்களால் தேர்ந்தெடுக்கப்படாதவர், எழுதப்பட்ட விதியால் கட்டுப்படுத்தப்படாதவர், எவருக்கும் பதில் சொல்லத் தேவையற்றவர்.

1999: வென்றிருக்க வேண்டிய வாக்கெடுப்பு

1991இல் ஆஸ்திரேலியக் குடியரசு இயக்கம் தொடங்கப்பட்டது. 1993இல் பிரதமர் பால் கீட்டிங் இதற்கென ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்து, பின்னாளில் பிரதமராகவிருந்த மால்கம் டர்ன்புல்லை அதற்குத் தலைவராக்கினார். 1996இல் ஆட்சிக்கு வந்த ஜான் ஹவர்ட் மன்னராட்சியின் ஆதரவாளர் என்றபோதிலும், 1998 பிப்ரவரியில் கான்பெராவில் 152 பேராளர்கள் கொண்ட அரசியலமைப்பு மாநாட்டைக் கூட்டினார். பேராளர்களில் பாதிப்பேர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், மறுபாதிப்பேர் நியமிக்கப்பட்டவர்கள். குடியரசு வேண்டும் என்று கருதியோர் மாநாட்டில் பெரும்பான்மையினராக இருந்தும், எத்தகைய குடியரசு என்ற கேள்வியில் அவர்கள் பிளவுபட்டனர். இறுதியில் முன்வைக்கப்பட்ட திட்டத்துக்கு 73 பேர் ஆதரவாகவும் 57 பேர் எதிராகவும் வாக்களிக்க, 22 பேர் வாக்களிக்காமல் விலகி நின்றனர்.

அத்திட்டத்தின்படி, மக்களிடமிருந்து பெயர்களைப் பெறும் குழு ஒன்று ஒரு பட்டியலைத் தயாரிக்கும். பிரதமர் ஒரே பெயரை முன்மொழிய, எதிர்க்கட்சித் தலைவர் வழிமொழிவார். இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தால் அவர் குடியரசுத் தலைவராவார். இதுவரை குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அவரைப் பிரதமர் கையொப்பமிட்ட ஒரே கடிதத்தால் உடனடியாக நீக்கலாம். 30 நாள்களுக்குள் பிரதிநிதிகள் அவையின் ஒப்புதலைக் கோர வேண்டும் என்றாலும், அவை மறுத்தாலும் நீக்கப்பட்டவர் பதவிக்குத் திரும்பமாட்டார். காப்பு அதிகாரங்களோ, இருந்த மரபுகளோடு அப்படியே தொடரும் என்று விடப்பட்டன. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு வந்தவரைத் தனியொருவர் வெளியேற்றலாம் என்ற இந்த ஏற்பாடு, 1975இன் நெருக்கடியைத் தீர்க்காமல் அதன் விதையைப் புதிய அமைப்பிலும் ஊன்றி வைத்தது.

1999 நவம்பர் 6 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 45.13 விழுக்காட்டினர் ஆதரித்தனர்; 54.87 விழுக்காட்டினர் எதிர்த்தனர். ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் 128ஆம் பிரிவின்படி, திருத்தம் நிறைவேற நாடு முழுவதிலும் பெரும்பான்மையும், ஆறு மாநிலங்களில் நான்கிலேனும் பெரும்பான்மையும் தேவை. அன்று ஆறு மாநிலங்களில் ஒன்றுகூட ஆதரிக்கவில்லை. விக்டோரியா மாநிலத்தில் ஆதரவு ஐம்பது விழுக்காட்டுக்கு மயிரிழையில் குறைந்தது. தலைநகரப் பிரதேசத்தில் மட்டுமே அது வென்றது. இது அரசியல்வாதிகளின் குடியரசு என்ற முழக்கமே எதிர்ப்பாளர்களின் வலிமையான ஆயுதமாக இருந்தது. மன்னராட்சி ஆதரவாளர்களும், தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கோரிய குடியரசுவாதிகளும் ஒரே அணியில் நின்று எதிர்த்து வாக்களித்தார்கள். முடியாட்சியின் மீதிருந்த பற்றினால் மட்டும் வந்த தோல்வியாக இதைக் கொள்ள முடியாது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் நீக்கும் முறையையும் மக்கள் நம்பவில்லை என்பதே இதன் உட்பொருள்.

மக்கள் தேர்ந்தெடுக்கலாமா?

நேரடித் தேர்தல் வேண்டும் என்ற கோரிக்கைக்கு நியாயமான பதில் தேடும்போது, இந்திய அரசியல் நிர்ணய சபை 1947இல் நடத்திய விவாதம் இன்றும் வழிகாட்டுகிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று விடுதலை பெற்ற இந்தியா, 1950 ஜனவரி 26 வரை ஆறாம் ஜார்ஜ் மன்னரையே சட்டப்படியான தலைவராகக் கொண்ட டொமினியனாக இருந்தது என்பதும், அந்த மன்னரின் கடைசிப் பிரதிநிதியாகக் கவர்னர் ஜெனரல் பதவி வகித்தவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி என்பதும் பலர் மறந்துவிட்ட செய்திகள். அவரிடமிருந்து பொறுப்பேற்ற முதல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத்தை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. கே.டி. ஷா போன்றோர் நேரடித் தேர்தலை வலியுறுத்தியபோதும், நாடு முழுவதின் வாக்குகளையும் பெற்றுவரும் ஒருவருக்கு உண்மையான அதிகாரம் எதையும் தராமல் வைத்திருப்பது பொருந்தாது என்று ஜவாஹர்லால் நேரு விளக்கினார். அதனால் நாடாளுமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் மாநிலச் சட்டப்பேரவை உறுப்பினர்களும் சேர்ந்த தேர்வுக் குழு உருவாக்கப்பட்டது. குடியரசுத் தலைவரை நீக்குவதற்கு, அரசியலமைப்பை மீறினார் என்ற குற்றச்சாட்டும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் வேண்டும் என்று இந்திய அரசியலமைப்பின் 61ஆம் பிரிவு விதித்தது.

இந்த ஏற்பாடும் எல்லா நாளிலும் போதுமானதாக இருக்கவில்லை. 1975 ஜூனில் பிரதமர் இந்திரா காந்தி கேட்டவுடன், அமைச்சரவை கூடி முடிவெடுப்பதற்கு முன்பே, குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார். அந்த அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்ட நாடு, 1978இன் 44ஆவது திருத்தத்தின் மூலம் இரண்டு விதிகளை எழுதியது: நெருக்கடிநிலைக்கு அமைச்சரவையின் எழுத்து மூலமான முடிவு கட்டாயம், அமைச்சரவையின் ஆலோசனையை மறுபரிசீலனை செய்யுமாறு குடியரசுத் தலைவர் ஒருமுறை திருப்பி அனுப்பலாம், மீண்டும் அதே ஆலோசனை வந்தால் ஏற்றாக வேண்டும். இந்த எழுதப்பட்ட வாய்ப்பைப் பயன்படுத்தியே, 1997இல் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்குமாறு வந்த பரிந்துரையைக் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். மத்திய அரசு அதைக் கைவிட்டது. தலைவரின் துணிவுக்கு விதி பக்கபலமாக நின்ற இடம் இது.

நேரடித் தேர்தலும் இயலாத ஒன்றல்ல என்பதற்கு அயர்லாந்து சான்று. 1937இன் அரசியலமைப்பின்படி அந்நாட்டு மக்கள் ஏழாண்டுக் காலத்திற்குத் தங்கள் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். எனினும் அவருடைய தனி அதிகாரங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவை ஒவ்வொன்றும் எழுதப்பட்டவை. மசோதா ஒன்றின் செல்லுபடியை ஆராயுமாறு உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பும் உரிமை அவற்றுள் ஒன்று. 1976இல் அவ்வாறு ஒரு மசோதாவை அனுப்பிய கார்வல் ஓ டாலியைப் பாதுகாப்பு அமைச்சர் இழிவாகப் பேச, பதவியின் மாண்பைக் காக்க அவர் விலகினார். அதிகாரம் எவ்வளவு சிறிதாயினும் அதைச் செலுத்தும்போது அரசோடு மோதல் வரக்கூடும் என்பதையும், விதி தெளிவாக இருந்தால் அம்மோதல் ஆட்சியையே கவிழ்க்கும் அளவுக்கு வளராது என்பதையும் இந்நிகழ்வு காட்டுகிறது. சிங்கப்பூர் 1991இல் அரசியலமைப்பைத் திருத்தி, நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்துவந்த அதிபரை மக்கள் தேர்ந்தெடுக்கச் செய்தபோது, தேசிய சேமிப்பைக் காக்கும் அதிகாரத்தையும் சேர்த்தே அளித்தது. 1993இல் மக்கள் வாக்கால் வந்த முதல் அதிபர் ஓங் டெங் சியோங், அச்சேமிப்பின் விவரம் கேட்டு அரசோடு வேறுபட்டார். 2023இல் தமிழ் வம்சாவளியினரான தர்மன் சண்முகரத்தினம் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளோடு வென்றதும் அதே பதவிக்கே. மக்களின் நேரடி வாக்கு ஒருவருக்குத் தருகிற பலம் பெரிது. ஆகவே அந்த வழியைத் தேரும் நாடு, எல்லைகளை இருமடங்கு கவனத்தோடு வரைய வேண்டும்.

ஆறே ஆண்டுகளில் உருமாறிய பதவி

பெயரளவுத் தலைவர் என்பவர் எப்போதும் பெயரளவிலேயே இருப்பார் என்ற நம்பிக்கையை உடைத்த நாடு இலங்கை. 1972 மே 22 அன்று அந்நாடு குடியரசாகியபோது, 1962 முதல் கவர்னர் ஜெனரலாக இருந்த வில்லியம் கோபல்லாவ, பிரதமரின் நியமனத்தால் அதிகாரமற்ற முதல் ஜனாதிபதியானார். 1977 தேர்தலில் மிகப் பெரும் பெரும்பான்மையோடு வென்ற ஜே.ஆர். ஜெயவர்தன, அரசியலமைப்பைத் திருத்தி, 1978 பிப்ரவரி 4 அன்று தாமே நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியானார். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த புதிய அரசியலமைப்பு அதை நிலைப்படுத்தியது. தென் அமெரிக்காவின் கயானாவும் இதே பாதையில் நடந்தது: 1970இல் ஆர்தர் சங் பெயரளவுத் தலைவரானார், 1980இன் அரசியலமைப்பின்கீழ் ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாம் முழு அதிகாரமுள்ள தலைவரானார். அதிகாரமற்ற நாற்காலி ஒன்றைச் செய்துவைத்துவிட்டு, அதை மாற்றும் உரிமையைத் தற்காலிகப் பெரும்பான்மையிடம் விட்டுவைத்தால் நேர்வது இதுவே.

இலங்கையின் அனுபவத்தில் தமிழர்களுக்கு ஆழமான வடுவாக நிற்கும் மற்றொன்றும் உண்டு. மன்னரைத் தலைமையாகக் கொண்டிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, எந்த இனத்துக்கும் மதத்துக்கும் பாதகமான அல்லது தனிச்சலுகை தரும் சட்டம் இயற்றுவதை நாடாளுமன்றத்துக்குத் தடைசெய்திருந்தது. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948இன் சட்டத்தையோ 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தையோ அப்பிரிவு தடுத்து நிறுத்தவில்லை. எனினும் நீதிமன்றத்தில் முறையிட உதவும் ஒரு பிடிமானமாக அது இருந்தது. குடியரசு அரசியலமைப்பு அப்பிரிவை அறவே கைவிட்டது. பௌத்தத்துக்கு முதன்மை இடமளித்தது. சிங்களத்தின் ஆட்சிமொழித் தகுதியை அரசியலமைப்பிலேயே பொறித்தது. தமிழரசுக் கட்சி 1971இலேயே அரசியல் நிர்ணய சபையிலிருந்து வெளியேறியிருந்தது, அக்கட்சியின் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1972 அக்டோபரில் தம் நாடாளுமன்ற இடத்தைத் துறந்தார். குடியேற்ற ஆட்சியின் சின்னத்தை அகற்றும் பெருமிதத்தினூடே, சிறுபான்மையினருக்கு எஞ்சியிருந்த காப்பும் அகற்றப்பட்டது.

இதே கவலை வேறு வடிவில் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறது. 1840இன் வைதாங்கி உடன்படிக்கை மாவோரித் தலைவர்களுக்கும் பிரிட்டிஷ் முடிக்கும் இடையே செய்துகொள்ளப்பட்டது; முடி விலகினால் அதன் கடமைகளை ஏற்பவர் யார் என்ற மாவோரிகளின் கேள்வி முற்றிலும் நியாயமானது. ஆஸ்திரேலியாவின் முதற்குடிகளோ உடன்படிக்கை ஏதுமின்றியே நிலத்தை இழந்தவர்கள். முடியின் பெயரால் அளிக்கப்பட்ட உறுதிகளையும், முடியின் பெயரால் இழைக்கப்பட்ட அநீதிகளுக்கான பொறுப்பையும் புதிய குடியரசு ஏற்கிறது என்று வெளிப்படையாக எழுதப்படாத எந்த மாற்றமும் பலவீனர்களுக்குத் தீங்காகவே முடியும்.

மன்னராட்சியாளர்களின் சிறந்த வாதம்

மன்னராட்சியின் பக்கம் நிற்போரின் வாதங்களில் எளிதில் தள்ளிவிட முடியாதது ஒன்று உண்டு. அரசரின் பயன் அவர் செலுத்தும் அதிகாரத்தில் இல்லை, மற்றவர்கள் கைக்கு அந்த அதிகாரம் போகாமல் தடுப்பதில் இருக்கிறது. எந்தக் கட்சிக்கும் கடன்படாதவர், எந்தத் தேர்தலுக்கும் அஞ்சாதவர் ஒருவர் உச்சியில் இருப்பது ஆட்சியாளரைத் தம் எல்லையை உணரவைக்கிறது என்பதே அவ்வாதம். நார்வே, டென்மார்க், நெதர்லாந்து ஆகிய நாடுகள் முடியாட்சிகளாக இருந்துகொண்டே ஜனநாயகத்தில் முன்னிற்பதை அவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள்.

அரசரின் இடத்தில் அமரும் தலைவரும் தவறலாம் என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகள் இல்லாமலில்லை. டிரினிடாட் டொபாகோவில் 2001 தேர்தலில் இரு கட்சிகளும் ஆளுக்கு 18 இடங்கள் பெற்றபோது, குடியரசுத் தலைவர் ஆர்தர் ராபின்சன் ஒழுக்க, ஆன்மிக மதிப்புகளைக் காரணமாகக் காட்டி, பதவியிலிருந்த பாஸ்தியோ பாண்டேயை விடுத்து பேட்ரிக் மானிங்கைப் பிரதமராக்கினார். அடுத்த ஆண்டே நாடு மீண்டும் தேர்தலுக்குச் செல்ல நேர்ந்தது. 2008இல் மன்னராட்சியை ஒழித்த நேபாளத்தில், பிரதமர் ஒலியின் பரிந்துரைப்படி 2020 டிசம்பரிலும் 2021 மே மாதத்திலும் பிரதிநிதிகள் சபையைக் கலைத்தார் குடியரசுத் தலைவர் பித்யா தேவி பண்டாரி. இருமுறையும் உச்ச நீதிமன்றமே சபையை மீட்டது.

ஆனால் இச்சான்றுகளைக் கூர்ந்து நோக்கினால் அவை பரம்பரை ஆட்சிக்கு வலுச்சேர்க்கவில்லை. முடியாட்சியாகவே தொடரும் ஸ்வீடன், 1975இல் நடைமுறைக்கு வந்த தன் அரசியலமைப்பில் அரசு அமைப்பதில் மன்னருக்கிருந்த பங்கை முற்றாக நீக்கியது. அங்கே பிரதமரைச் சபாநாயகர் முன்மொழிய, நாடாளுமன்றம் வாக்களித்து முடிவுசெய்கிறது. ஜப்பானின் 1947ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பேரரசருக்கு ஆட்சி தொடர்பான அதிகாரம் எதுவும் கிடையாது என்று அறிவித்து, பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நாடாளுமன்றத்திடமே ஒப்படைத்தது. இந்நாடுகளில் மக்களாட்சியைக் காப்பது அரச குடும்பத்தின் நற்குணத்தைவிட எழுதப்பட்ட சட்டமே. அரசர் இருக்கும்போதே செய்ய முடிந்த அந்த எழுத்துப் பணியை, அரசர் விடைபெறும்போது செய்யாமலிருக்கக் காரணமே இல்லை.

கரீபியன் காட்டும் இரு வழிகள்

2021 நவம்பர் 30 அன்று, விடுதலை பெற்று 55 ஆண்டுகள் நிறைந்த நாளில், பார்படோஸ் குடியரசாயிற்று. பிரதமர் மியா மோட்லியின் அரசு பொது வாக்கெடுப்புக்குப் போகவில்லை; அரசியலமைப்பு அதைக் கட்டாயமாக்கவும் இல்லை. கவர்னர் ஜெனரலாக இருந்த சாண்ட்ரா மேசனை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் முதல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தன. அன்று இளவரசராக இருந்த சார்லஸ் விழாவில் கலந்துகொண்டார். அரசரின் இடத்தில் தலைவரை அமர்த்தும் அளவுக்கு மட்டுமே திருத்தம் செய்து, அரசியலமைப்பின் மற்ற பகுதிகளைப் பின்னர் ஆராய ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. இந்தச் சிக்கனம் பாராட்டத்தக்கது. எனினும் ஒரே கட்சி ஏறத்தாழ எல்லா இடங்களையும் வைத்திருந்த நாடாளுமன்றத்தில் கிடைத்த ஒப்புதல், மக்கள் நேரில் தந்த ஒப்புதலுக்கு ஈடாகாது.

மற்றொரு கரீபிய நாடான செயின்ட் வின்சென்ட் 2009இல் புதிய அரசியலமைப்பு முழுவதையும் ஒரே கேள்வியாக மக்கள்முன் வைத்தது. மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்ட அவ்வாக்கெடுப்பில் பாதிப்பேரின் ஆதரவுகூடக் கிடைக்கவில்லை. ஜமைக்கா அரசு 2024 டிசம்பரில் பெயரளவுத் தலைவருக்கான மசோதாவை முன்வைத்தபோது, லண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலே இறுதி மேல்முறையீட்டு மன்றமாகத் தொடர்வதா என்ற கேள்வியில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் முரண்பட்டன. குடியரசானால் காமன்வெல்த்திலிருந்து வெளியேற வேண்டும் என்ற அச்சமும் சில இடங்களில் எழுப்பப்படுகிறது, அது அடிப்படையற்றது. 1949 ஏப்ரலின் லண்டன் பிரகடனம் இந்தியாவுக்காகத் திறந்த வழியில், இன்று அவ்வமைப்பின் 56 உறுப்பு நாடுகளில் 36 குடியரசுகளாகவே இருக்கின்றன.

எழுத வேண்டியவை

இந்நாடுகளின் அனுபவங்களிலிருந்து சில முடிவுகளைத் தெளிவாகத் தொகுக்கலாம். முதலாவதாக, காப்பு அதிகாரங்கள் மரபின் பொறுப்பில் விடப்படக் கூடாது. யார் பிரதமர், அவை எப்போது கலையும் என்ற இரண்டையும் தலைவரின் மதிப்பீடு தீர்மானிக்காமல், அவையின் வெளிப்படையான வாக்கே தீர்மானிக்கும்படி எழுதப்பட வேண்டும். இரண்டாவதாக, கீழவையில் வெறும் பெரும்பான்மை பெற்ற கட்சி தன் ஆளைத் தனித்து அமர்த்த இயலாதபடி, தேர்வுக்கு மூன்றில் இரண்டு பங்கோ மாநிலங்களையும் உள்ளடக்கிய தேர்வுக் குழுவோ தேவை; மக்கள் நேரடித் தேர்தலை விரும்பினால், முதல் நிபந்தனை நிறைவேறிய பின்னரே அதை ஏற்க வேண்டும். மூன்றாவதாக, வந்த வழியைவிட எளிய வழியில் எவரையும் வெளியேற்றக் கூடாது. குறிப்பிட்ட குற்றச்சாட்டும் இரு அவைகளின் சிறப்புப் பெரும்பான்மையும் இன்றித் தலைவர் நீக்கப்படலாகாது. நான்காவதாக, அப்பதவியை ஆட்சி அதிகாரமுள்ளதாக மாற்ற வேண்டுமெனில் மக்கள் வாக்கெடுப்புக் கட்டாயம் என்ற பூட்டு போடப்பட வேண்டும். ஐந்தாவதாக, சிறுபான்மையினருக்கும் முதற்குடிகளுக்கும் பழைய அமைப்பு அளித்த உறுதி ஒவ்வொன்றும் பெயர் சொல்லிப் புதிய அமைப்பில் ஏற்கப்பட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 2022இல் முதன்முறையாகக் குடியரசுக்கென ஒரு துணை அமைச்சர் நியமிக்கப்பட்டு, 2024இல் அப்பொறுப்பு கைவிடப்பட்டது. இடையே 2023இல் முதற்குடிகளுக்கான ஆலோசனை அமைப்பு பற்றிய வாக்கெடுப்பு தோற்றதால் மற்றொரு வாக்கெடுப்புக்கான துணிவு குறைந்திருக்கிறது. 1901 முதல் முன்வைக்கப்பட்ட 45 திருத்தங்களில் 8 மட்டுமே வென்ற நாட்டில் இத்தயக்கம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆயினும் வாக்கெடுப்பு இல்லாத இந்த இடைவெளியே எழுத்துப் பணிக்கு உகந்த காலம். காப்பு அதிகாரங்களை வரையறுக்கும் சட்ட வரைவை ஆயத்தம் செய்யவும், ஆறு மாநிலங்களிலும் முடியின் பெயரால் இருக்கும் ஆளுநர் பதவிகளின் நிலையை முடிவுசெய்யவும், முதற்குடிகளோடு பேசவும் அரசர் விலகும் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மன்னரின் இடத்தில் குடியரசுத் தலைவரை அமர்த்தலாமா என்ற கேள்விக்கு ஆம் என்பதே விடை. பிறப்பினால் மட்டும் ஒருவருக்கு நாட்டின் முதல் இடத்தைத் தருவது குடிமக்களின் சமத்துவத்தை மறுப்பதாகும். ஆனால் அந்த ஆம் என்ற சொல்லோடு ஒரு கடமையும் சேர்ந்தே வருகிறது. நல்ல மனிதர் வருவார் என்ற எதிர்பார்ப்பின்மேல் கட்டப்படும் குடியரசு, பரம்பரையின்மேல் கட்டப்பட்ட முடியாட்சியைவிட எவ்விதத்திலும் பாதுகாப்பானதன்று. தீய எண்ணம் கொண்ட பிரதமரும் பலவீனமான தலைவரும் ஒரே காலத்தில் பதவிக்கு வந்தாலும் குடிமக்களின் உரிமை குலையாதபடி விதிகளை எழுதி, அவற்றை மக்கள் வாசித்து, விவாதித்து, தங்கள் வாக்கால் ஏற்றுக்கொள்ளும் நாடே முடியாட்சியைக் கடந்துவிட்டதாக உரிமை கொண்டாடலாம்.